சின்னக்கண்ணுவின் பிரேக் கட்டை

மலையூர்கள் சில சேர்ந்த தேவனூர் நாட்டில் சின்னக்கண்ணு என்று கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். "கட்டை சின்னக்கண்ணு" என்று கூப்பிட்டால் ஒருவருக்குத்தான் பொருந்தும். அவரோ திரும்ப மாட்டார். முன்னால் பார்த்தபடியே "எதுக்கு?" என்பார். எதற்கு என்று சொன்னால், "அதெல்லாம் ஆகாது" என்பார். அதற்கப்புறம்தான் திரும்புவார்.

மேல்சோலை எஸ்டேட்டின் டிராலிக்கு அவர்தான் பிரேக் பிடிப்பவர். மேலே ஆரஞ்சுத் தோட்டம், கீழே பழத்தைச் சேர்த்து வைக்கும் கிட்டங்கி, நடுவில் முக்கால் மைல் சரிவு. சரிவு முழுக்க மரக்கட்டைகளை நீளவாக்கில் போட்டு, அவற்றின் மேல் இரும்புப் பட்டை அடித்திருந்தார்கள். அதுதான் தண்டவாளம். டிராலியை மேலே இழுத்துப் போக ஒரு ஜோடி எருது உண்டு. இறங்குவதற்கு எதுவும் வேண்டாம். கூடைகளை ஏற்றி, சக்கரத்துக்கு அண்டக் கொடுத்த கல்லை எடுத்துவிட்டால் போதும், தன் பாரத்திலேயே ஓடும். அப்படி ஓடுவதை அடக்கி வைக்க ஒரே ஒரு பலாக்கட்டை. நீளமான பிடியை இழுத்தால் அந்தக் கட்டை போய்ப் பின்சக்கரத்தில் அழுந்தும். பிடியின் மறுமுனையில் சின்னக்கண்ணு தொங்கிக்கொண்டிருப்பார்.

பாதி வழியில் ஒரு பாறை குறுக்கே கிடந்தது. வெடி வைத்தும் அசையவில்லை. அதனால் தண்டவாளம் முதலில் ஒரு பள்ளத்தில் இறங்கி, பாறை மேல் ஏறி, மறுபடி இறங்கிப் போகும். அந்த இடத்துக்குத் தவளைமேடு என்று பேர். பள்ளத்துக்கு முன்னால் கட்டையை விட்டு வேகம் பிடித்தால்தான் மேடு ஏறும். விட்டால், உச்சியில் டிராலி ஒரு கண்சிமிட்டும் நேரம் தவளை மாதிரி எம்பும். கூடையில் ஆரஞ்சுப் பழங்கள் அரைச்சாண் மேலே எழுந்து, யோசித்துவிட்டு உட்காரும். சின்னக்கண்ணுவுக்கு வயிற்றில் குருவி பறக்கும். அந்தக் குருவி அவருக்குப் பிடிக்கும் என்பது அவர் சம்சாரம் பாவாயிக்கு மட்டும் தெரியும். மற்றவர்களிடம், "அந்த மேட்டுல என்ற உசுரு போயிப் போயி வருது" என்றுதான் புலம்புவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் மேனேஜர் குப்புசாமிக்கு ஒரு யோசனை வந்தது. ராசிபுரத்துக்காரரான குப்புசாமி முதலாளியிடம் பேசும்போது மெல்லிய குரலிலும், ஆட்களிடம் பேசும்போது தடித்த குரலிலும் பேசுவார். இரண்டு குரலுக்கும் பொதுவாக நடுவில் ஒரு 'கேட்டியா' போடுவார். முதலாளியிடம் மட்டும் அது 'கேட்டீங்களா' ஆகும்.

"சின்னக்கண்ணு, சேலத்துல முதலாளி ஊட்டுல ஒரு படம் பாத்தேன், கேட்டியா. சீமையில, இதே மாதிரி மேடும் பள்ளமுமா மரத்துல கட்டி, மேல வண்டியில ஜனங்க உக்காந்து போறாங்க, கேட்டியா. சந்தோசத்துக்கு. விஜயதசமியன்னைக்கு முதலாளியோட சம்பந்தி குடும்பம் மலைக்கு வருது. நம்ம டிராலியில பலகை அடிச்சு உக்கார வெச்சு, தவளைமேட்டுல ஒரு குதி குதிக்க வெச்சமுன்னா, கேட்டியா..."

"கேக்கலீங்க."

"என்ன?"

"ஆரஞ்சுப் பழம் கீழ உளுந்தா பொறுக்கிக் கூடையில போட்டுக்கலாமுங்க. சம்பந்தி உளுந்தா என்னத்துல பொறுக்கறது?"

பின்னால் நின்ற சின்னராசு சிரித்துவிட்டான். அவன் பாவாயியின் தம்பி. எருது டிராலியை மேலே இழுக்கும்போது, ஒரு ஆப்புக்கட்டையோடு பின்னாலேயே நடந்து வருவது அவன் வேலை. கயிறு அறுந்தால் ஆப்பைச் சக்கரத்துக்கு அடியில் சொருக வேண்டும். கயிறு அறுந்ததே இல்லை. அதனால் சின்னராசு நாள் முழுக்கச் சும்மா நடந்து, ஊரில் யார் எப்படிப் பேசுவார்கள் என்று பேசிக் காட்டுவதில் தேர்ந்துவிட்டான். குப்புசாமி அந்தப் பக்கம் போனதும் தொண்டையைத் தடிக்க வைத்துக்கொண்டு, "மாமா, உனக்கு வயசாயிருச்சு, கேட்டியா. டிராலிய எங்கிட்டக் குடுத்துட்டு நீ எருதுக்குப் பின்னால நட, கேட்டியா" என்றான்.

"உன்ற கையில குடுத்தா டிராலி மலையடி முள்ளுக்குறிச்சியிலதான்டா நிக்கும்."

ஆனால் விஷயம் அதுதான். சின்னக்கண்ணு மறுத்தால் குப்புசாமி பிடியைச் சின்னராசு கையில் கொடுப்பார். சின்னராசு தவளைமேட்டுக்கு முன்னால் கட்டையை விடுவான். அப்புறம் பிடிக்கவே மாட்டான். உட்கார்ந்திருப்பவர்கள் செத்தால் பாவம் யாரைச் சேரும்? மறுத்தவரைத்தான் சேரும். அதனால் "ஆகாது" என்ற தன் பழைய பதிலை அவரால் முழுசாகச் சொல்ல முடியவில்லை. ஏறுகிறவர்கள் எலும்பு முறியாமல் கீழே இறங்க வேண்டும், அது தன் கையில் இருக்கிறது. அந்தக் கவலை அவரைப் பிடித்துக்கொண்டது.

தண்டவாளத்தைப் பழுது பார்க்கச் சேலத்திலிருந்து ஓவர்சியர் அர்த்தனாரி வந்தார். கேள்வியும் அவரே கேட்பார், பதிலும் அவரே சொல்வார். எதிரில் இருப்பவர் தலையாட்டினால் போதும்.

"இந்த வெளையாட்டு எங்க ஆரம்பிச்சுது? ருஷ்யா தேசத்துல. அங்க என்ன இருக்கு? பனி இருக்கு. மரத்துல சாரம் கட்டி மேல தண்ணிய ஊத்துவாங்க. ஊத்துனா என்னாகும்? ஒறஞ்சு கெட்டியாகும். மேலயிருந்து சறுக்குவாங்க. எதுக்கு?"

"எதுக்குங்க?" என்றார் சின்னக்கண்ணு.

"சும்மா." கேள்வியைத் தன் வாயிலிருந்து பிடுங்கிவிட்டார்களே என்று அர்த்தனாரி ஒரு நொடி தடுமாறினார். "அப்புறம் அமெரிக்காவுல ஒரு கரி வெட்டற மலை. அங்க என்ன ஓடுச்சு? உங்க டிராலி மாதிரியே டிராலி. கரி தானா எறங்கும். காலி டிராலிய மேல இழுக்கறது யாரு? கோவேறு கழுதை. அந்தக் கழுதை கீழ எப்படி வரும்? அதுவும் டிராலியிலயே ஏறி வரும். கொஞ்ச நாள்ல என்னாச்சு? கழுதை நடந்து எறங்க மாட்டேன்னு அடம் புடிச்சுருச்சு. அதைப் பாத்துட்டு மனுசங்களும் டிக்கெட் வாங்கி ஏற ஆரம்பிச்சுட்டாங்க."

"கழுதையப் பாத்தா?" என்றார் சின்னக்கண்ணு. "அப்பச் சரிங்க. எங்க மேனேஜருக்கும் யோசனை அங்கயிருந்துதான் வந்திருக்கும்."

அர்த்தனாரி சிரிக்கவில்லை. ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு போட்டார். மேட்டு உச்சியில் வண்டி எம்பும், எம்பினால் தண்டவாளத்தை விட்டு விலகும், அதற்குச் சீமையில் அடிச்சக்கரம் என்று ஒன்று கண்டுபிடித்துவிட்டார்கள் என்றார். தண்டவாளக் கட்டைக்கு வெளிப்பக்கம் ஒரு விளிம்புப் பலகை அடிப்பது. டிராலியிலிருந்து ஒரு இரும்புக் கையைக் கீழே இறக்கி, அந்த விளிம்புக்கு அடியில் ஓடுகிற மாதிரி சின்னச் சக்கரம் வைப்பது. வண்டி எம்பப் பார்த்தால் அடிச்சக்கரம் விளிம்பில் முட்டி, எம்பவிடாமல் பிடித்துக்கொள்ளும். மேலே இழுக்கும்போது பின்னால் ஓடிவராமல் இருக்கப் பல் பல்லாக வெட்டிய கட்டையில் டக்கு டக்கென்று விழுகிற கொண்டி ஒன்றும் உண்டாம்.

"எங்களுக்குக் கொண்டி இவந்தானுங்க" என்று சின்னக்கண்ணு சின்னராசுவைக் காட்டினார். "என்ன, டக்கு டக்குனு விழ மாட்டான். பேசிக்கிட்டே வருவான்."

சின்னக்கண்ணு கொண்டியை விட்டுவிட்டார். அடிச்சக்கரத்தை விடவில்லை. அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் அடிச்சக்கரம்தான். குப்புசாமி, "மொதல்ல பலகை அடி, பச்சைப் பெயிண்ட் அடி, சக்கரம் அப்புறம், கேட்டியா" என்றார். பச்சைப் பெயிண்ட் வந்துவிட்டது. சக்கரம் வரவில்லை. சின்னக்கண்ணு தவளைமேடு முழுக்க விளிம்புப் பலகையைத் தானே அடித்து முடித்தார். அப்புறம் மலையிறங்கி முள்ளுக்குறிச்சிக்குப் போய், கொல்லுப்பட்டறை செங்கோடன் ஆசாரியிடம் நாலு சின்னச் சக்கரத்துக்கும் நாலு கைக்கும் சொல்லிவிட்டு வந்தார். ஆயுத பூசையன்று வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார் ஆசாரி.

சின்னக்கண்ணுவுக்கு ஆயுத பூசை என்றாலே ஆகாது. அதற்குக் காரணம் இருந்தது.

மலையில் அந்தப் பூசை எஸ்டேட்டோடு வந்தது. கொண்டுவந்தவர் குப்புசாமி. ஆனால் மலைக்காரர்கள் ஒன்றை எடுத்துக்கொண்டால் அரைகுறையாக எடுத்துக்கொள்வதில்லை. கோடாலி, மண்வெட்டி, கொடுவாள், அரிவாள் எல்லாவற்றையும் கழுவிக் கிட்டங்கியில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் குவிப்பார்கள். எண்ணெய் தடவி, சந்தனம் அப்பி, குங்குமம் வைப்பார்கள். மறுநாள் உச்சி வேளையில் ஊர்க்கவுண்டர் காளியண்ணன் கற்பூரம் காட்டுகிறவரை யாரும் எதையும் தொடக்கூடாது. இந்தச் சட்டம் குப்புசாமியின் ஊரில்கூடக் கிடையாது.

போன வருஷம் சின்னக்கண்ணுவும் பக்தியாக, தன் பிரேக் கட்டைக்கு அரைக்கரண்டி விளக்கெண்ணெய் எடுத்துப் பிள்ளைக்குத் தேய்ப்பது போல் தேய்த்துவிட்டார். மறுநாள் ஆரஞ்சுக் கூடையோடு கிளம்பிய டிராலி, பிடியில் தொங்கினாலும் நிற்கவில்லை. கட்டை சக்கரத்தில் வழுக்கிக்கொண்டே போனது. சின்னக்கண்ணு குதித்துத் தப்பினார். டிராலி கிட்டங்கிச் சுவரில் முட்டி, ஊரே ஒரு வாரம் நசுங்கிய ஆரஞ்சு தின்றது. எண்ணெய்தான் காரணம் என்று அவர் சொன்னார். யாரும் கேட்கவில்லை.

"எண்ணெய் தடவுனா சாமி ஏன் கோவிச்சுக்குது?" என்றாள் பாவாயி. "அரைக்கரண்டி தடவுனீங்க பாருங்க, அந்தக் கஞ்சத்தனத்துக்குத்தான் கோவிச்சுக்கிச்சு."

காளியண்ணன் கவுண்டர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். அவர் எப்போதும் ஒரு வார்த்தைதான் பேசுவார்.

"பத்தல."

இந்த வருஷம் பூசையன்று காலையில் சின்னக்கண்ணு முள்ளுக்குறிச்சிக்கு இறங்கும்போது பாவாயியிடம் மூன்று தரம் சொன்னார்: கட்டைக்குப் பொட்டு வை, பூ வை, எண்ணெய் மட்டும் வேண்டாம். பாவாயி மூன்று தரமும் "சரி சரி, பாத்துப் போங்க" என்றாள்.

பட்டறையில் அடிச்சக்கரம் நாலும் தயாராக இருந்தன. பளபளவென்று, மஞ்சள் துணி விரித்து, செவ்வந்தி மாலை போட்டு, சுத்தியலுக்கும் குறட்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தன.

"நல்லா வந்திருக்குதுங்க ஆசாரி. கட்டிக் குடுங்க."

"நாளைக்கி."

"இன்னைக்கினு சொன்னீங்க."

"இன்னைக்கி முடிச்சு வெக்கறன்னு சொன்னேன். முடிச்சு வெச்சிருக்கறேன். பூசையில வெச்சத எப்படி எடுத்துக் குடுக்கறது?"

"நாளைக்குக் காலையில சம்பந்தி ஊட்டு ஒறம்பரை ஏறுதுங்க டிராலியில. நா இதை எப்ப மாட்டறது? அவுங்களுக்குக் காரியம் பண்ற அன்னைக்கா?"

"சின்னக்கண்ணு, நா ஒண்ணு கேக்கறேன். நாளைக்கு இந்தச் சக்கரம் ஒடஞ்சுதுன்னா யாரைச் சொல்லுவாங்க? பூசையிலிருந்து பிடுங்கிக் குடுத்தான் செங்கோடன்னு சொல்லுவாங்களா மாட்டாங்களா?"

சின்னக்கண்ணு பட்டறை வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். உள்ளே நாலு சக்கரமும் மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தன. ஆசாரி ஒரு இலையில் பொரியும் பொட்டுக்கடலையும் கொடுத்தார். வாங்கிக்கொண்டு மலையேறினார். பொரியைத் தின்றுகொண்டே ஆசாரியைத் திட்டினார், வழியில் தடுக்கிய கல்லைத் திட்டினார், ருஷ்யா தேசத்தையும் திட்டினார். பாதி மலையில் கொஞ்சம் சமாதானம் ஆனார். அடிச்சக்கரம் இல்லாவிட்டால் என்ன, கட்டை இருக்கிறது. நல்ல காய்ந்த பலாக்கட்டை, மழையிலும் கவ்வும். மேட்டுக்கு முன்னால் அளவாக விட்டு, உச்சியில் சரியாகக் கவ்வினால் போதாதா? இத்தனை வருஷம் ஓட்டிய கை இது. இப்படி நினைத்துக்கொண்டு சாயங்காலத்துக்கு முன்னால் டிராலிக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார்.

கொட்டகை மணந்தது.

பாவாயி கட்டையைத் தனியாகக் கழற்றி, சட்டி நிறைய விளக்கெண்ணெய் காய்ச்சி, அதில் ஊறப்போட்டிருந்தாள். மாற்றுக்கட்டை ஒன்று இருந்ததே, அதுவும் சட்டிக்குள் இருந்தது.

"ரெண்டுக்கும் வெச்சுட்டேன்" என்றாள். "ஒண்ணுக்கு வெச்சு ஒண்ணுக்கு வெக்காம உட்டா அதுக்கு ஏக்கமா இருக்குமில்ல."

"பாவாயி, நா என்ன சொல்லிட்டுப் போனேன்?"

"தடவ வேண்டாம்னீங்க. தடவுல. ஊறப் போட்டிருக்கறேன்."

சின்னக்கண்ணு கட்டையை எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்தார். தலைக்குத் தேய்க்கிற அரப்புப் போட்டுத் தேய்த்தார். மண்ணில் புரட்டினார். விரலை வைத்தால் விரல் வழுக்கியது. மரத்தின் நரம்பெல்லாம் எண்ணெய் ஏறியிருந்தது.

"போன வருசம் நீங்க குதிச்சுத் தப்பிச்சீங்க" என்றாள் பாவாயி. குரல் இறங்கியிருந்தது. "இந்த வருசம் குதிக்க எடமில்ல, ஆளு ஏத்தறாங்க. எனக்குப் பயமா இருந்துச்சு. அதான் நெறைய ஊத்துனேன்."

அதற்கு மேல் அவளை என்ன சொல்வது? புதுக்கட்டை வெட்ட வேண்டும். வெட்டக் கோடாலி வேண்டும். எஸ்டேட்டில் இருந்த கோடாலி எல்லாம் சந்தனம் பூசிக்கொண்டு கிட்டங்கியில் சரஸ்வதிக்கு முன்னால் கிடந்தன.

விஜயதசமி காலையில் கிட்டங்கி வாசலில் காளியண்ணன் கவுண்டர் உட்கார்ந்திருந்தார்.

"கவுண்டரே, ஒரே ஒரு கோடாலி. ஒரு கட்டை வெட்டிட்டுக் கொண்டாந்து வெச்சுர்றேன்."

"உச்சி."

"உச்சிக்கு முன்னாடியே ஒறம்பரை ஏறுதுங்க. நல்ல நேரம் அப்பத்தான் இருக்குதாம், மேனேஜர் பஞ்சாங்கம் பாத்துட்டாரு. கட்டையில எண்ணெய். நிக்காதுங்க."

"உச்சி."

"உச்சிக்குக் கற்பூரம் காட்டறப்ப கீழ பொணம் கெடக்குமுங்க."

கவுண்டர் வெற்றிலையைத் துப்பினார். துப்பத் திரும்பிய அந்த நேரத்தில் சின்னக்கண்ணு உள்ளே போய், குவியலின் மேலிருந்த கோடாலியைக் குங்குமத்தோடும் செவ்வந்தியோடும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். ஓடவில்லை, நடந்துதான் போனார். கவுண்டர் முதல்முறையாக மூன்று வார்த்தை பேசினார்.

"சின்னக்கண்ணு... உனக்கு... இருக்குது."

சின்னராசு கூடவே ஓடி வந்தான். "மாமா, கவுண்டரு வாய்ல மூணு வார்த்தை வர வெச்ச ஆளு இந்த நாட்டுலயே நீங்கதான்."

"மரத்தைப் புடிடா."

பச்சைப் பலாவில்தான் கட்டை வெட்ட முடிந்தது. பச்சை மரம் கவ்வுமா, கவ்வாதா, சூட்டில் என்ன செய்யும் என்று சின்னக்கண்ணுவுக்குத் தெரியாது. மாட்டி முடிக்கும்போதே பச்சைப் பெயிண்ட் அடித்த பலகையில் சம்பந்தி உட்கார்ந்துவிட்டார். பட்டுவேட்டி, சரிகைத் துண்டு, நல்ல கனம். பக்கத்தில் சம்பந்தியம்மா கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைத்துக்கொண்டிருந்தார். முன்பலகையில் கைக்கடிகாரம் கட்டிய மாப்பிள்ளை. அவருக்குப் பக்கத்தில் குப்புசாமி, மெல்லிய குரலில்.

"பறக்கற மாதிரி இருக்குமுங்க, கேட்டீங்களா. நம்ம ஆளு கெட்டிக்காரன்."

கல் எடுக்கப்பட்டது. சின்னக்கண்ணு முதல் அடியிலேயே கட்டையை அழுத்தினார். கவ்வியது. ஆனால் சத்தம்? பன்றியைக் கழுத்தறுத்த மாதிரி ஒரு கிறீச்சல். பச்சை மரம் புகைந்தது. அவர் விடவில்லை. விட்டால் மறுபடி பிடிக்குமா என்று தெரியாத கட்டையை எந்த தைரியத்தில் விடுவது? டிராலி எருமை நடையில் இறங்கியது. வழியோரம் ஒரு ஆட்டுக்குட்டி கூடவே நடந்து வந்து, கொஞ்ச தூரத்தில் முந்திக்கொண்டு போனது.

"இதென்னப்பா" என்றார் சம்பந்தி, "எங்கூரு தேர்கூட இதைவிட வெரசலா வருமே."

"டேய், உடுடா" என்றார் குப்புசாமி. தடித்த குரல் வந்துவிட்டது.

"உட மாட்டனுங்க."

"மேடு வருதுடா, கேட்டியா, இப்ப உடாட்டி ஏறாதுடா."

"ஏறாதுங்க. தெரியுமுங்க."

பள்ளத்தில் போய் டிராலி உட்கார்ந்தது. முன்னால் தவளைமேடு, பின்னால் சரிவு. அடியில் போய் நின்றுவிட்ட வண்டி தானாக எந்தப் பக்கமும் நகராது. கிறீச்சல் நின்றதும் காடு ரொம்ப அமைதியாக இருந்தது. புகைதான் போய்க்கொண்டிருந்தது.

"இப்ப?" என்றார் மாப்பிள்ளை.

"எறங்கித் தள்ளோணுமுங்க" என்றார் சின்னக்கண்ணு.

சம்பந்தி பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார். மாப்பிள்ளை கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டுத் தள்ளினார். குப்புசாமி எல்லாரையும்விட அதிகமாகத் தள்ளினார், மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாரிடமும் மன்னிப்பும் கேட்டார். சம்பந்தியம்மா மட்டும் இறங்கவில்லை. நடந்தது எதுவும் தெரியாமல் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். உச்சிக்கு வந்ததும் கண்ணைத் திறந்து, "முடிஞ்சுருச்சா? பரவால்ல, பயமே தெரியல" என்றார். அன்றைக்குச் சின்னக்கண்ணுவுக்குக் கிடைத்த நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

எல்லாரும் முழுசாகக் கீழே இறங்கினார்கள். யாருக்கும் நகம்கூடப் பெயரவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை. சம்பந்தி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்ல வெளையாட்டு வெச்சிருக்கீங்க, வந்தவனைக் கூலிக்கு நிறுத்தற வெளையாட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். குப்புசாமி இனி டிராலியில் ஆள் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்தார். மலையிலிருந்த எல்லார் முன்னாலும் சின்னக்கண்ணுவைப் பிடிபிடியென்று பிடித்தார்.

"மானம் போச்சு, கேட்டியா. உன்னை நம்புனதுக்கு ஒரு எருமையை நம்பியிருக்கலாம்."

"உசுரு இருக்குதில்லீங்க."

"உசுரு எப்பவுந்தான்டா இருக்குது. அதுக்கா இத்தனை பேரு வந்தாங்க?"

மறுநாள், பூசைக் கோடாலியைத் தொட்டதற்கு ஊர்க்கூட்டம். எண்ணெய்க்கட்டையோடு போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று சின்னக்கண்ணு சொல்லிப் பார்த்தார். கவுண்டர், "காட்டு" என்றார். எப்படிக் காட்டுவது? எண்ணெய்க்கட்டையை மாட்டி நாலு பேரை ஏற்றிக் கொன்றால்தான் காட்ட முடியும். கொல்லாததால் அவர் பொய்யர் ஆனார். தண்டனையாகத் தலையில் கோடாலியை வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தார், அபராதமாக இரண்டு சேவல் கொடுத்தார். சின்னராசு பின்னாலேயே நடந்து வந்தான், ஆப்புக்கட்டை இல்லாமல்.

"மாமா, தப்புச் செஞ்சவங்க கோடாலி சொமந்தா சரி. செய்யாத தப்புக்குச் சொமந்தா கழுத்து ரெண்டு மடங்கு வலிக்குமோ?"

"வாயை மூடிட்டு வாடா."

அதற்கு அடுத்த நாள் செங்கோடன் ஆசாரி நாலு அடிச்சக்கரத்தையும் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு, சொன்ன சொல் தவறாதவனுடைய முகத்தோடு மலையேறி வந்தார். ஆள் ஏற்றுவதே நின்றுபோன டிராலிக்கு அடிச்சக்கரம் எதற்கு என்று குப்புசாமி கேட்டார். சின்னக்கண்ணு அதற்குள் இரண்டை மாட்டிவிட்டார். வீம்புதான். இந்தச் சக்கரம் மட்டும் அன்றைக்கே வந்திருந்தால், எண்ணெய் இல்லாத நல்ல கட்டையும் இருந்திருந்தால், நாலு பேரையும் பறக்கவிட்டுப் பத்திரமாக இறக்கியிருப்பேன் என்று தனக்கே ஒருதரம் காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டு பேர் கெடுத்தார்கள்: ஒன்று ஆசாரி, ஒன்று பெண்டாட்டி.

காய்ந்த பலாவில் புதுக்கட்டை செய்தார். பச்சைப் பலகையில் நாலு கல் ஏற்றினார். கனத்த பாறாங்கல் சம்பந்தி. கொஞ்சம் உருண்டையானது சம்பந்தியம்மா. நீளமானது மாப்பிள்ளை. மிச்சமிருந்த ஒன்றுக்குச் சின்னராசு, "கேட்டியா" என்று பேர் வைத்தான். பாவாயியும் சின்னராசுவும் ஆசாரியும் தவளைமேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள்.

சக்கரத்துக்கு அண்டக் கொடுத்த கல்லை எடுத்தாயிற்று. டிராலி இறங்கியது. கட்டை சொன்ன பேச்சைக் கேட்டது. பள்ளத்துக்கு முன்னால், அன்றைக்கு விட்டிருக்க வேண்டிய அதே இடத்தில், சின்னக்கண்ணு கட்டையை விட்டார். காற்று காதை அடைத்தது. பள்ளம் போனது, மேடு வந்தது, உச்சியில் அடிச்சக்கரம் நாலும் விளிம்புப் பலகையில் முட்டிக் 'கடகட'வென்று உறுமின. டிராலி எம்பவில்லை. தண்டவாளத்தை விடவில்லை. அவர் கட்டையை அழுத்தி, மேட்டுக்குக் கீழே அழகாக நிறுத்தினார். செங்கோடன் ஆசாரி கையைத் தட்டினார். சின்னக்கண்ணுவின் முகத்தில் பல நாளைக்கப்புறம் ஒரு சிரிப்பு வந்தது.

"பாத்தீங்களா? புடிச்சுதா இல்லியா?"

"புடிச்சுது மாமா" என்றான் சின்னராசு, மேட்டிலிருந்து. "ஆனா சம்பந்தி எங்க?"

சின்னக்கண்ணு திரும்பிப் பார்த்தார். பலகையில் மூன்று கல்தான் இருந்தது. டிராலியைத்தான் அடிச்சக்கரம் பிடித்து வைத்தது. மேலே சும்மா உட்கார்ந்திருந்த கல்லைப் பிடிக்க எதுவும் இல்லை. பாறாங்கல் உச்சியில் எழுந்து, உண்ணிச்செடிப் புதரைத் தாண்டி, கீழே ஒரு பாறையில் மோதி இரண்டாகப் பிளந்து கிடந்தது.

அவர் இறங்கிப் போய் அதன் பக்கத்தில் நின்றார். சக்கரம் வந்திருந்தால் அதை நம்பிக் கட்டையை விட்டிருப்பார். சக்கரம் இல்லாமலும், கட்டை நன்றாக இருந்தால் விடத்தான் எண்ணியிருந்தார். எப்படிப் பார்த்தாலும் இந்தப் பிளந்த கல்லில் வந்துதான் முடிந்தது. அன்றைக்கு அவர் கையை விடவிடாமல் கட்டி வைத்தது ஆசாரியின் மாலையும், ஒரு சட்டி விளக்கெண்ணெயும்.

பாவாயி பக்கத்தில் வந்து கல்லைப் பார்த்தாள். டிராலியைப் பார்த்தாள். அவள் கணக்குப் போட ரொம்ப நேரம் ஆகவில்லை.

"ஏனுங்க, அப்ப நா ஊத்துன எண்ணெய்..."

"பேசாத."

"இல்ல, நா என்ன சொல்றேன்னா..."

"தெரியும் நீ என்ன சொல்வீன்னு. பேசாத." சின்னக்கண்ணு பிளந்த கல்லில் பெரிய துண்டைப் புரட்டிப் பார்த்தார். "டேய் சின்னராசு, இதைப் புடி, மேல ஏத்தோணும். ஆசாரி, நீங்க அதுக்குள்ள போயிராதீங்க. மடிக்குக் குறுக்க போட ஒரு கம்பி வேணும். பலகையோட சேத்துப் பூட்டற மாதிரி."

"யாருக்குங்க?" என்றார் ஆசாரி. "ஆளுதான் ஏத்தறதில்லைன்னு மேனேஜர் சொல்லிட்டாருல்ல?"

"கல்லுக்கு" என்றார் சின்னக்கண்ணு. "எப்பத் தருவீங்க? பண்டிகை கிண்டிகை ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிருங்க."